முதுமைக் காப்பும் மக்கட் கடனும்

திருச்சிற்றம்பலம்



எண்ணிறந்த பிறவிகளுள் மானிடப் பிறவி பெறுதற்கு அரியது என்பதும், அதனைப் பெற்றவிடத்தும் சைவ நன்னெறியைச் சார்ந்து நிற்றல் அதனினும் அரியது என்பதும் நம் ஆசிரியர்கள் பலகாலும் வற்புறுத்திய உண்மைகளாம். அவ்வரிய பிறவிக்கு வாயிலாய் நின்றோர் நம்மைப் பெற்ற தாயுந் தந்தையும் ஆவர். மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து உயிர்கட்கு உபகரிக்கும் இறைவன், அத்தனுவை நமக்கு நல்குதற்கு அவ்விருவரையே கருவியாகக் கொண்டான். தானும் அம்மையப்பனாய் நின்றே அருள்புரிகின்றான். ஆதலின், இல்லிலிருக்கும் அம்மையப்பரைப் புறக்கணித்துக் கோயிலிலிருக்கும் அம்மையப்பரை வழிபடுதல், வேரை வெட்டிவிட்டுக் கொம்புக்கு நீர் வார்த்தலை ஒக்கும். இஃது எல்லாரும் அறிந்ததே, எல்லாரும் உடன்படுவதே. ஆயினும், அறிந்த இக்கடனை எப்பொழுது தொடங்குவது, எவ்வாறு செய்வது என்னும் இடத்தே நம்மிற் பலர் இடர்ப்படுகின்றனர். பெற்றோர் வீழ்ந்தபின் ஓடிச் செய்வன ஒருபுறம் இருக்க, அவர் வீழாமுன், அறிவு தெளிந்திருக்கும் பொழுதே, அவருடன் அமர்ந்து அவர் திருவுளக் கருத்தைக் கேட்டு வைத்தலே அக்கடனின் முதற்படி என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முற்காலத்தே மக்கள் பெற்றோருடன் ஓரூரில், பெரும்பாலும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தனர். தந்தையின் கை நடுங்கத் தொடங்கியதை மகன் அன்றே கண்டான். தாய்க்குக் கண்ணொளி குறைந்ததை மருமகள் அடுக்களையிலேயே அறிந்தாள். வினாவாமலே விளங்கிய காலம் அது. இக்காலத்தோ மூத்த மகன் சென்னையிலும், இளையவன் கடல் கடந்த நாட்டிலும், மகள் பெங்களூரிலும் இருக்க, பெற்றோர் காவிரிக்கரை ஊரொன்றிலே தனித்துறைதல் பலவிடத்தும் காணும் காட்சியாயிற்று. மற்றொருபால், மருத்துவக் கலையின் வளர்ச்சியால் வாழ்நாள் நீண்டது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இப்பாரத நாட்டிலே அறுபதும் அதற்கு மேலும் அகவை நிரம்பினோர் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். நாடு முழுதும் நூற்றுக்கு எண்மரின் மிக்க இத்தொகை, தமிழ்நாட்டிலே நூற்றுக்குப் பதின்மரின் மிக்கது. வாழ்நாள் நீண்டது பெரும்பேறே. ஆயின் உடல் தளர்ந்தும் உயிர் நீங்காத இடைக்காலமும் உடன் நீண்டது. அவ்விடைக்காலத்தை யார், எங்கு, எவ்வாறு காப்பது என்பது பேசாமலே தீரும் ஒன்றன்று.

ஓர் இல்லத்தை நினைமின். எழுபத்தெட்டு வயதுடைய பெரியவர், நாள்தோறும் ஆன்மார்த்த பூசை செய்பவர், ஓரிரவு நினைவிழந்து வீழ்கின்றார். அயலார் அவரை மருத்துவமனையிற் சேர்க்கின்றனர். மக்கள் மூவரும் வந்து கூடுகின்றனர். செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தலாமா என மருத்துவர் வினவ, ஒருவர் வேண்டும் என்கின்றார், ஒருவர் வேண்டா என்கின்றார், ஒருவர் அழுகின்றார். மருத்துவச் செலவுக்குரிய பொருள் எந்த வங்கியில் உள்ளது என்பதை ஒருவரும் அறியார். பூசைப் பெட்டகத்திலுள்ள சிவலிங்கப் பெருமானுக்கு மூன்று நாளாகத் திருமஞ்சனம் இல்லை. அதை யார் தொடலாம் என்பதும் தெரிந்திலது. இவை அனைத்திற்கும் விடை அறிந்தவர் ஒருவரே. அவரோ வாய் திறவார். முந்திய ஆண்டில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கியிருந்தால் இத்துயரிற் பாதி இல்லை. நோயின் துயர் வினைவழி வந்தது. அறியாமையின் துயரோ பேசாமையால் வந்தது. புறநானூற்றிலே, தடியூன்றி இருமலுக்கிடையே சில சொற்களைச் சொல்லித் தம் இளமையை நினைந்து இரங்கும் முதியவர் ஒருவரைக் காண்கின்றோம். சொல் இருமலுக்கு இடையே வரும் காலம் எல்லார்க்கும் உண்டு. இருமல் வருமுன் சொல்லைக் கேட்டு வைத்தல் அறிவுடையார் செயலாம்.

அற்றேல், அன்பும் அறிவும் உடைய குடும்பங்களிலும் இப்பேச்சு நிகழாமைக்குக் காரணம் யாது எனின், மூன்று காரணங் கூறலாம்.

முதலாவது, அமங்கலம் என்னும் அச்சம். "அப்பா நோயுற்றால்," "அம்மா தனித்துவிட்டால்" என வாயெடுத்தலே தீச்சகுனம் எனக் கருதுவார் பலர். மற்றையோர் அவ்வாறு கருதினும் கருதுக. சைவர் அங்ஙனம் கருதுதற்கு இடமில்லை. நாம் காலையில் எழுந்தவுடன் நெற்றியில் அணிவது யாது? திருநீறன்றோ! உடம்பின் முடிவு இன்னது என்பதை நாள்தோறும் நெற்றியில் எழுதிக்கொள்பவர், அம்முடிவுக்கு முன்னுள்ள சில ஆண்டுகளைப் பற்றிப் பேச அஞ்சுதல் பொருந்துமா? யாக்கை நிலையாமையைத் திருமுறைகள் பாடியது நம்மை அழவைத்தற்கன்று. காலத்தே செய்யத்தக்கதைச் செய்வித்தற்கே என்க.

இரண்டாவது, பொருள்பற்றிய ஐயம். மகன் முதுமையைப் பற்றிப் பேசத் தொடங்கின், நிலத்தின்மேலும் வீட்டின்மேலும் கண் வைத்தான் என்று பெற்றோர் கருதுவரோ என அவன் அஞ்சுகின்றான். பெற்றோரும் சிலவிடத்து அங்ஙனமே கருதுகின்றனர். அதற்கு உலகில் சான்றுகளும் இல்லாமற் போகவில்லை. ஆதலின், காப்பைப் பற்றிய பேச்சையும் பங்கைப் பற்றிய பேச்சையும் ஒரே நாளில் கலத்தல் ஆகாது. முதலில் அவர் உடல், அவர் உறையுள், அவர் வழிபாடு; அவரே எடுத்தாலன்றிப் பங்குப் பேச்சுக்கு அந்நாளில் இடமில்லை. உடன்பிறந்தார் பலராயின், ஒருவர் தனித்துச் சென்று பேசுதலும் கூடாது. எல்லாரும் அறியப் பேசுதல் வேண்டும்.

மூன்றாவதே மூல காரணம், அஃது ஆணவம். "எனக்கு ஒருவர் துணை வேண்டுவதில்லை, என் காரியத்தை நானே பார்த்துக்கொள்வேன்" என்று எண்பது வயதில் கூறும் சொல் வீரச் சொற்போலத் தோன்றினும், உயிரின் இலக்கணத்திற்கு முரணானது. உயிர், யாதொன்றைச் சார்கின்றதோ அதன் தன்மையைப் பற்றி நிற்பது. துணையின்றித் தானே அறியவும் செய்யவும் வல்லதன்று. இருளையும் ஒளியையும் சார்ந்து நிற்கும் கண்போல்வது அது. அங்ஙனமாகத் துணை வேண்டேன் என்பது உயிருரை ஆகாது, மலவுரையே ஆம். தம்பிரான்தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணொளி மறைந்து வருந்திய காலத்துத் திருவெண்பாக்கத்திலே இறைவன் அவர்க்கு ஊன்றுகோல் ஒன்றை அருளினான். அக்கோலைப் பற்றியே அவர் மேலே நடந்தார். இறைவனைத் தோழனாகக் கொண்டவர்க்கே ஊன்றுகோல் இழுக்கன்றாயின், ஏனையோர்க்கு அதனாற் குறை யாது? திருவாரூர்த் தண்டியடிகளோ பிறவியிலேயே கண்ணில்லாதவர். திருக்குளத்தை ஆழப்படுத்தத் துணிந்தபோது, கரையிலும் குளத்தினுள்ளும் தறி நட்டு அவற்றிற்கிடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்ணை எடுத்துச் சென்றார். கயிறு பற்றியதனால் அவர் தொண்டு குறையவில்லை. கயிறு இருந்தமையாலேயே தொண்டு நடந்தது. இன்று குளியலறைச் சுவரிலே ஒரு பிடிகம்பி அமைக்கலாம் என்று மகன் கூற, "என்னைக் கிழவனாக்குகின்றாயா?" என வெகுளும் தந்தையார் இவ்வடிகள் வரலாற்றை ஒருமுறை நினைவு கூர்வாராக.

ஆணவம் பெற்றோர் பக்கத்தில் மட்டும் உள்ளது என்று எண்ணற்க. மக்கள் பக்கத்திலும் அஃது உண்டு. அன்பின் வேடம் பூண்டு வருதலின் அது பெரிதும் அறிதற்கு அரியது. நல்ல மகன் என்று ஊரார் புகழும் ஒருவர், தாயைக் கேளாமலே ஊர் வீட்டைப் பூட்டி, பசுவை விற்று, நகரத்தில் ஏழாம் மாடியிலுள்ள ஓர் அறையில் கொண்டுவந்து வைக்கின்றார். உணவுக்குக் குறைவில்லை, மருந்துக்குக் குறைவில்லை. ஆனால் கோயில் மணியோசை அவ்விடத்துக் கேளாது. நந்தவனத்துப் பூ இல்லை. பிரதோடத்திற்கு அழைத்துப் போக ஆளில்லை. பேசுதற்கு ஒத்த வயதினர் இல்லை. பிள்ளைக்குத் தன் கடன் முடிந்தது என்னும் அமைதி. தாய்க்கோ பொற்கூட்டுச் சிறை. பிசிராந்தையார் தமக்கு நரை தோன்றாமைக்குக் கூறிய காரணங்களுள், குணத்தில் நிரம்பிய மனைவி மக்களோடு, தம் ஊரிலே சான்றோர் பலர் வாழ்தலையும் சேர்த்துக் கூறியதனை ஈண்டு நினைக. முதியோரின் உயிர்க்கு ஊரும் ஒரு மருந்து.

இவ்விடத்தே நம் சாத்திரம் ஒரு நல்லுவமையைத் தந்துள்ளது. அந்தக்கரணங்களோடு கூடி நிற்கும் உயிரை அமைச்சரோடு கூடிய அரசனுக்கு ஒப்பிடும் மெய்கண்டதேவர் கருத்தைச் சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தில் அன்பர்கள் அறிவர். அமைச்சர் சொல்வர், செய்வர், ஆயினும் அரசாவர் அல்லர். முதுமையிலே கண், செவி, நினைவு என்னும் பழைய அமைச்சர் ஒவ்வொருவராய் ஓய்வு பெறுகின்றனர். அவ்விடத்தே மக்கள் புதிய அமைச்சராகின்றனர். மங்கிய கண்ணுக்காக ஏட்டைப் படித்துச் சொல்லலாம். தளர்ந்த காலுக்காக நடந்து செல்லலாம். குறைந்த நினைவுக்காக நாளை நினைவூட்டலாம். ஆனால் அரியணையில் ஏறி அமர்தல் அமைச்சர்க்கு முறையன்று. இந்த ஒன்றை உள்ளத்திற் பதித்தால், எதனைப் பேசுவது, எங்ஙனம் பேசுவது என்பன யாவும் தாமே விளங்கும்.

பேசும் முறைக்கும் நம் நெறியிலேயே ஓர் ஒப்புமை உண்டு. சரியை முதலிய நான்கும் முறையே தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் எனப்படும். அவை இறைவனை நோக்கியன. அவற்றின் பொருளை மாற்றாது, ஒப்புமை மாத்திரையாக இங்குக் கொள்வாம். முதலில் தொண்டனாய்ச் செல்க. ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒருநாளில் எல்லாம் முடிவு செய்வேன் என்பது தொண்டன் செயலன்று. சில நாள் உடனிருந்து, பூசைக்குப் பூவெடுத்து, மருத்துவரிடம் துணை சென்று, அவர் நாள் எவ்வாறு கழிகின்றது எனக் கண்ணாற் காண்க. பின் மகனாய் நில்லுக. தன் கடனைத் தான் முன்வந்து கூறுக. "அப்பா, தங்களுக்குத் தளர்ச்சி வந்தால் செய்யவேண்டுவது என் பொறுப்பு, ஆனால் தாங்கள் விரும்பும் வண்ணம் செய்ய ஆசைப்படுகின்றேன், அதனைத் தாங்களே சொல்லவேண்டும்" என்று தொடங்குதல் நன்று. "இனி நீங்கள் தனியாக இருக்கக் கூடாது" என்று தொடங்குதல் தீது; முன்னையது வினா, பின்னையது தீர்ப்பு. அதன்பின் தோழனாய் அமர்ந்து கேட்க. முதியோர் நேரே விடை கூறார். தம் தாயார் கடைசி நாட்களை, தம் அண்ணன் பட்ட பாட்டை, அயல்வீட்டார் செய்த பிழையை எடுத்துரைப்பர். அவற்றுள்ளேதான் விடை மறைந்து கிடக்கும். குறுக்கிட்டுத் திருத்தாமல் கேட்பவனுக்கே அது கிடைக்கும். இறுதியில், உண்மையை இருவரும் ஒருங்கே காணும் நிலை. அது ஒரே நாளில் வருவதன்று. ஆதலின் ஒருமுறை பேசி மறுக்கப்பட்டால் வெகுளாது, மற்றொரு நாளுக்கு வைத்தல் வேண்டும்.

பெற்றோரும் மக்களும் ஒருவரிடம் ஒருவர் காலத்தே சொல்லிக்கொள்ளும் முறைக்குத் திருத்தொண்டர் புராணத்திலே ஓர் அரிய சான்றுண்டு. ஆளுடைய பிள்ளையார் திருவாவடுதுறையில் எழுந்தருளியிருந்த காலத்து, உடனிருந்த தந்தையார் சிவபாத இருதயர், தாம் முன்னரே தெரிவித்திருந்த வேள்வியைச் செய்தற்குரிய காலம் வந்ததெனத் தம் திருமகனாரிடம் கூறினார். தந்தையார் தம் தேவையை மறைத்திலர். மகனிடம் கேட்பதா என நாணினாரும் அல்லர். பிள்ளையாரிடத்தும் அப்பொழுது பொருள் இல்லை. அதற்காகத் தந்தையாரைக் கடிந்திலர். பொய்யுறுதி கூறினாரும் அல்லர். ஆவடுதுறைப் பெருமான் திருமுன் சென்று பதிகம் பாட, பூதம் ஒன்று பலிபீடத்தின்மேல் ஆயிரம் பொன் கொண்ட கிழியை வைத்தது; அதனைத் தந்தையார் கையில் அளித்தனர். கிழி வந்தது திருவருளால். ஆயினும் அதற்கு முன்னே ஒரு வாய்ச்சொல் நிகழ்ந்தது என்பதனை நாம் மறத்தலாகாது. தந்தை சொல்லாவிடில் மகன் கேளான். மகன் கேளாவிடில் இறைவனிடம் வேண்டான்.

ஈண்டு ஒரு தடை நிகழும். "பிராரத்தம் நுகர்ந்தே கழிவது, முதுமையில் வருவன வந்தே தீரும், முன்னேற்பாடு செய்து பயன் என்னை?" என்பது. கூறுவாம். பிராரத்தம் வந்தே தீரும் என்பது மெய். ஆனால் அது வந்து ஊட்டும் வாயில்கள் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்று. பிற உயிர்களின் வாயிலாக வருவதும் இவற்றுள் அடங்கும். தாய்க்குத் துன்பம் வருதல் அவள் வினையாயினும், அத்துன்பம் வரும் வாயிலாய் மகனே நிற்றல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். எந்த வாயிலாய் நாம் நிற்பது, துன்பத்தின் வாயிலாகவா, ஆறுதலின் வாயிலாகவா என்பது இன்று நம் முயற்சியின்கண் உள்ளது. வினைக்கொள்கையைக் காட்டிக் கடனைத் தட்டிக்கழிப்பவர் வினைக்கொள்கையை அறியாதவரே.

"சண்டேசுர நாயனார் தந்தையின் தாளையே எறிந்தவர் அல்லரோ?" எனச் சிலர் வினவுவர். சிவபூசைக்கு இடையூறு நேர்ந்த ஒரு கணத்து, சிவத்தையன்றி வேறொன்றும் காணாத நிலையில் நிகழ்ந்த செயல் அது. இறைவனே அவர்க்குத் தந்தையாயினான். அலுவல் மிகுதியாலும் இல்லத்து அமைதி கருதியும் பெற்றோரைக் கைவிடுவார்க்கு அவ்வரலாறு சிறிதும் அரணாகாது.

இனி, பேசவேண்டும் பொருள்களை ஒவ்வொன்றாகக் காண்பாம்.

முதலாவது உறையுள். சொந்த ஊரா, மக்கள் இல்லமா, முதியோர் இல்லமா என்பதில் பெற்றோர் கருத்தே முதன்மை. முதியோர் இல்லம் என்ற அளவிலே அதை இழிவாகக் கருதுதலும் வேண்டா. அன்பின்றி ஒரு வீட்டிலிருப்பதினும், வழிபாட்டுக்கும் துணைக்கும் இடமுள்ள ஓரிடத்திலிருப்பது சிலர்க்கு இசைவாகும். ஆயினும் அதனை அவரே தெரிதல் வேண்டும். அவர்மேல் ஏற்றுதல் கூடாது.

இரண்டாவது பணிவிடை. நம் நாட்டிலே முதியோரைத் தூக்கி எடுத்தல், கழுவித் துடைத்தல் ஆகிய பணியெல்லாம் மருமகள்மேலும் மகள்மேலும் விழுகின்றன. ஆடவர் பொருள் தருவதோடு அமைகின்றனர். இது நம் சமயத்துக்கு ஒவ்வாது. திருச்சிராப்பள்ளிப் பெருமான், காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாத கருவுற்ற பெண்ணொருத்திக்குத் தாயின் வடிவிலே வந்து பேறு பார்த்தமையாலன்றோ தாயுமானவர் எனப் பெயர் பெற்றார் எனத் தலபுராணங் கூறுகின்றது! இறைவனுக்கு இழிவாகாத பணி மகனுக்கு எங்ஙனம் இழிவாகும்? யார், எத்தனை திங்கள், எவ்வாறு மாறிமாறிச் செய்வது என்பதை மருமக்களும் உடனிருக்கப் பேசுதல் வேண்டும். பணி செய்பவளைக் கேளாமல் பணியைப் பங்கிடுதல் அறமன்று.

மூன்றாவது பொருளும் பத்திரமும். இவற்றில் அறிந்திருக்க வேண்டுவன சில உள. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் மக்களிடமிருந்து திங்கள்தோறும் பராமரிப்புத் தொகை பெறத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சட்டம் வகுத்த மேல்வரம்பு திங்களுக்கு 10,000 ரூபாய். அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு, தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த முதியவர், பேணப்படாவிடின் அப்பத்திரத்தை நீக்கிக்கொள்ள வழிசெய்கின்றது. ஆதலின் செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதுவோர் அந்நிபந்தனையை அதிலேயே தெளிவாக எழுதுவித்தல் நலம். உயில் எழுதுவோர் சாட்சிகள் இருவரை வைத்தல் வேண்டும். பவர் பத்திரம் ஒன்று எழுதி வைத்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். எழுதிக் கொடுத்தவர் அறிவு பேதலித்த நிலை எய்தியவுடன் அவ்வதிகாரம் சட்டப்படி அற்றுவிடும் என்பதை அவர் அறியார். மிகவும் வேண்டப்படும் பொழுதே அது பயன்படாது போகும். பென்ஷன் தாள்கள், வங்கிக் கணக்கு, காப்புறுதி, நாமினி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அஃது உள்ள இடத்தை மக்கள் எல்லாரும் அறியச் செய்தல் வேண்டும்.

நான்காவது கடைநிலை மருத்துவம். மீளா நோயிலே செயற்கைக் கருவிகளால் மூச்சை நீட்டுதல் வேண்டா என ஒருவர் முன்னரே எழுதி வைக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் தீர்ப்பளித்தது. முதலில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டுமென இருந்த முறையை 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எளிதாக்கி, சாட்சிகள் இருவர் முன்னிலையில் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றாற் போதும் என்றாக்கியது. இத்தகைய பத்திரம் எழுதுதல் நம் நெறிக்கு எவ்வளவில் இசையும் என்பதில் கற்றோரிடையே கருத்து வேறுபடலாம். தன்னுயிரைத் தானே போக்குதல் வேறு. செல்லும் உயிரைக் கருவியாற் கட்டி நிறுத்தாமை வேறு என்பது எம் கருத்து. ஒவ்வொருவரும் தத்தம் ஆசிரியரை அடைந்து கேட்டுத் தெளிக. எழுதினும் எழுதாவிடினும், தம் விருப்பத்தை மக்களிடம் வாயாற் கூறி வைத்தல் எல்லார்க்கும் கடனாம். கூறாது விடின், அத்தீர்ப்பின் பாரத்தை அழுதுகொண்டிருக்கும் மகள்மேல் ஏற்றியவர் ஆவர்.

ஐந்தாவது வழிபாடு. சைவ இல்லங்களிலே இதுவே தலையாயது. இதுவே பெரிதும் மறக்கப்படுவது. விசேட தீட்சை பெற்று ஆன்மார்த்த பூசை எழுந்தருளுவித்துக் கொண்டவர், கை நடுங்கி நீர்ச்சொம்பு ஏந்த இயலாத நாளில் என் செய்வது? தீட்சா குருவைக் கொண்டாயினும் தம்மை ஒத்த அதிகாரமுடையாரைக் கொண்டாயினும் செய்வித்துத் தாம் அகத்தே பூசித்தலாகிய வழி சைவ மரபில் உண்டு. அங்ஙனம் செய்வார் யார், தமக்குப்பின் அப்பெருமானைப் பெறுவார் மகனா, மாணவரா, ஆசிரியர் மடமா என்பதை அவரே கூறி வைத்தல் வேண்டும். மகன் தீட்சை பெறாதவனாயின், இப்பேச்சே அவன் தீட்சை பெறுதற்கு ஒரு நன்னிமித்தமாதலும் கூடும். உணவு நியமம், மருத்துவமனையிலும் நீறணிவித்தல், இறுதிக் காலத்து ஓதவேண்டிய திருப்பதிகங்கள், அந்தியேட்டி செய்விக்கும் ஆசாரியர் ஆகிய இவற்றையும் கேட்டறிக. பொன்னும் நிலமும் பற்றி வாய் திறவாத தந்தையார், பூசையைப் பற்றிக் கேட்டால் மகிழ்ந்து பேசுவர். ஆதலின் தொடங்குதற்கும் இதுவே தக்க வாயில் என்பது எம் துணிபு.

ஆறாவது நினைவு மறத்தல். இக்காலத்தே நீண்ட வாழ்நாளோடு மறதி நோயும் பலரைப் பற்றுகின்றது. பெற்ற மகனையே "நீ யார்?" என்று வினவும் தாயைக் கண்டு உள்ளம் உடையாதார் இலர். ஆயின் சித்தாந்தம் கற்றார் ஓருண்மையைப் பற்றி நிற்றல் வேண்டும். குறைந்தது கரணம், உயிரன்று. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என்னும் அவத்தைகளில் கருவிகள் ஒடுங்கினும் உயிர் ஒழிவதில்லை என நிறுவிய நூலைக் கற்றவர், நினைவிழந்த தாயை "இனி அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுக்குதல் கற்றதைப் பொய்யாக்குவதாம். அமைச்சர் எல்லாரும் நீங்கினும் அரசு அரசே. தான் மறந்தாலும் தன் நா திருவைந்தெழுத்தை மறவாது சொல்லும் எனத் திருப்பாண்டிக்கொடுமுடியில் வன்றொண்டர் பாடியருளிய திருப்பதிகத்தின் பொருள் இத்தகையார் கட்டிலருகே நின்றார்க்கு நன்கு விளங்கும். இளமை முதல் ஓதிய பதிகத்தை மகள் பாட, பெயர்களையெல்லாம் மறந்த தாயும் உடன் வாயசைத்தல் உண்டு. ஆதலின் அவர் எப்பதிகத்தை விரும்பி ஓதினார் என்பதை நினைவுள்ள நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்க. பின்னாளில் எம்மருந்தினும் அது பயன்படும்.

மக்கட்பேறு இல்லாதாரும் துறவு பூண்டாரும் இச்சிந்தனைக்குப் புறம்பானவர் அல்லர். மாணவர்க்கு ஆசிரியர் தந்தையே ஆதலின், முதிர்ந்த தம்பிரான்கள், ஓய்ந்த ஓதுவார்கள், தமிழ் கற்பித்துத் தளர்ந்த புலவர்கள் ஆகியோரை அணுகி, "தேவரீருக்கு எது வேண்டும்?" என வினவும் கடன் திருமடங்களுக்கும் மாணவர்க்கும் உண்டு. குருபூசை ஆண்டுக்கொரு நாள். குருவின் முதுமைக்குச் செய்யும் பூசை நாள்தோறும் ஆம்.

முடிவாக, அறுபதைக் கடந்த யானும் என் வயதினரை நோக்கி ஒன்று விண்ணப்பித்துக்கொள்கின்றேன். மக்கள் கேட்கட்டும் என்று நாம் காத்திருத்தல் வேண்டா. அவர் நாவைக் கட்டுவது நம்பால் அவர் கொண்ட அச்சமும் அன்புமே. நாமே அழைத்து அமர்த்திச் சொல்லுவோம். நோயை மறையாதிருப்போம். ஒரு மகனிடம் ஒன்றும் மற்றொருவனிடம் வேறொன்றும் கூறி அவரை ஒருவரோடொருவர் மாறுபடச் செய்யாதிருப்போம். நம் விருப்பத்தைக் கூறுமிடத்து, அவர் செய்ய வல்லது எது, வல்லாதது எது என்பதையும் எண்ணிக் கூறுவோம். "உன்னால் இயலாவிடின் பிறர் உதவியை நாடிக்கொள், அதனால் உன்மேல் எனக்குக் குறையில்லை" என்று ஒரு சொல் கூறி வைப்போமாயின், அச்சொல் நாம் சென்ற பின்னும் அவர் நெஞ்சைக் காக்கும். தக்கதோர் ஊன்றுகோலை நீட்டுதல் மக்கள் அறம். நாணாது அதனைப் பற்றுதல் பெற்றோர் அறம். பற்றும் கையிலும் நீட்டும் கையிலும் உடன் நிற்பது திருவருள்.

உயிர்தோறும் உடனின்று காட்டியும் கண்டும் உபகரிக்கும் அம்மையப்பர், நம் இல்லத்து அம்மையப்பரின் உள்ளத்தை நாம் காலத்தே அறியவும், அறிந்தவாறு செய்யவும் அருள்புரிவாராக!

திருச்சிற்றம்பலம்